மெச்னிகோவும் கோழியின் குடலும்

கறிக்கோழி வளர்ப்பவர்களுக்குக் குடல் நோய் என்பது தீராத கவலை. நேற்றுவரை தீவனத்தட்டைச் சுற்றி முண்டியடித்த கோழி இன்று இறகைச் சிலிர்த்துக்கொண்டு மூலையில் நிற்கும். சில மணி நேரத்தில் செத்தும் விழும். அறுத்துப் பார்த்தால் சிறுகுடல் காற்றடைத்து உப்பியிருக்கும். உட்சுவர் பழைய துவாலையைப் போலச் சொரசொரத்துக் கிடக்கும். இப்படி வேகமாக வந்தால் கண்ணுக்காவது தெரியும். மெதுவாக வந்தால்தான் தொல்லை அதிகம். கோழி சாகாது, தின்றுகொண்டே இருக்கும், எடை மட்டும் ஏறாது. பேட்ச் முடிந்து தராசில் ஏற்றும்போதுதான் நட்டம் தெரியவரும்.

இந்த நோய்க்குக் காரணமான பாக்டீரியாவின் பெயர் கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ். நலமாக இருக்கும் கோழியின் குடலிலும் சிறிய எண்ணிக்கையில் குடியிருப்பதுதான் இது. இரத்தக் கழிச்சலை உண்டாக்கும் ஐமீரியா என்ற ஒட்டுண்ணி குடற்சுவரைப் புண்ணாக்கும்போதும், தீவனத்தின் சேர்மானம் திடீரென்று மாறும்போதும் அதற்கு வாய்ப்புக் கிடைக்கிறது. பல மடங்கு பெருகி நச்சைச் சுரக்கிறது; குடற்சுவர் செத்து உரிகிறது. கோழிகளில் இந்த நோய் 1961இல்தான் விவரிக்கப்பட்டது. ஆனால் அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, 1908இல், பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் 63 வயது ஆய்வாளர் ஒருவர் இதே பாக்டீரியாவை மனிதக் குடலின் முக்கியமான எதிரிகளில் ஒன்றாகக் குறித்திருந்தார்.

அவர் இலியா இலியிச் மெச்னிகோவ். நோய் எதிர்ப்பாற்றல் பற்றிய ஆய்வுக்காக அதே 1908இல் ஜெர்மனியின் பால் எர்லிக்குடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். இன்று மருந்துக்கடையிலும் கோழித்தீவனக் கடையிலும் புரோபயாடிக் என்ற பெயரில் விற்பனையாகும் பொடிகளுக்கெல்லாம் ஒருவகையில் மூதாதை. அவர் சுவிட்சர்லாந்தில் நிலையாக வாழ்ந்தவர் இல்லை. ஆனாலும் அவர் வாழ்க்கையின் இரண்டு திருப்பங்கள் ஜெனீவாவில் நிகழ்ந்தன. முதலாவது அவரைச் சாவிலிருந்து திருப்பியது. இரண்டாவது அவரை உலகெங்கும் வீட்டுப்பெயர் ஆக்கியது. அவர் சரியாகக் கண்டதும் தவறாகக் கண்டதும் இன்றைய கோழிப்பண்ணையில் அருகருகே இருக்கின்றன என்பதுதான் அவரைப் பற்றி எழுத என்னைத் தூண்டியது.

மெச்னிகோவ் 1845இல் இன்றைய உக்ரைனில் உள்ள கார்கிவ் நகரத்துக்கு அருகே ஒரு கிராமத்தில் பிறந்தார். ஐந்து பிள்ளைகளில் கடைசிப் பிள்ளை. தந்தை ஜார் மன்னரின் காவல் படையில் அதிகாரி. தாயார் யூத வம்சாவளியினர். மூத்த அண்ணன் இவான் இலியிச் தூலா நகரத்தில் நீதித்துறையில் பணியாற்றி 1881இல் நோயுற்று இறந்தார். டால்ஸ்டாயின் புகழ்பெற்ற குறுநாவலான இவான் இலியிச்சின் மரணத்துக்கு முன்மாதிரி இந்த அண்ணன்தான் என்று சொன்னால் இலக்கிய வாசகர்களுக்கு வியப்பாக இருக்கும். இன்னொரு அண்ணன் லெவ், கரிபால்டியின் படையில் சேர்ந்து இத்தாலியில் போரிட்டுக் காயம்பட்டவர். அரசியல் காரணங்களால் ரஷ்யாவுக்குத் திரும்ப முடியாமல் சுவிட்சர்லாந்தில் அடைக்கலம் புகுந்து, பின்னாளில் நியூஷாட்டல் நகரத்தில் பேராசிரியராக இருந்தார். சாவைப் பற்றிய சிந்தனையும் பழைய ஏற்பாடுகளை எதிர்க்கும் குணமும் அந்தக் குடும்பத்திலேயே இருந்தன போலும்.

இலியா அவசரக்காரர். கார்கிவ் பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டுப் படிப்பை இரண்டே ஆண்டுகளில் முடித்துவிட்டு ஜெர்மனிக்கும் இத்தாலிக்கும் போனார். 1865இல் கீசன் நகரத்தில் தட்டைப்புழு ஒன்றை ஆராயும்போது விநோதமான காட்சியைக் கண்டார். அந்தப் புழு உணவை நம்மைப் போலக் குடற்குழாயில் சாறு ஊற்றிச் செரிக்கவில்லை. குடலைச் சுற்றியுள்ள அணுக்களே உணவுத் துணுக்குகளை விழுங்கி, தமக்குள் வைத்துச் செரித்தன. இருபது வயதில் பார்த்த இந்தக் காட்சி அவரை ஆயுள் முழுவதும் விடவில்லை. அவருடைய எல்லா ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தால் செரிமானம் என்ற ஒரே கேள்வியைத்தான் வெவ்வேறு வடிவில் கேட்டுக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தோன்றுகிறது.

22 வயதில் ஒடெசா பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் பணி கிடைத்தது. அதன் பிறகு லுத்மிலா என்ற பெண்ணை மணந்தார். மணப்பெண்ணுக்குக் காசநோய். தேவாலயத்துக்கு நடந்து போகவும் வலுவில்லாமல் நாற்காலியில் வைத்துத் தூக்கிச் சென்றார்கள். அடுத்த சில ஆண்டுகள் அவளைக் காப்பாற்ற வெப்பமான ஊர்களைத் தேடி அலைவதிலேயே கழிந்தன. கடைசியில் அட்லாண்டிக் கடலில் உள்ள மடேய்ரா தீவில் 1873 ஏப்ரலில் லுத்மிலா இறந்தாள். அப்போது அவருக்குக் கண்பார்வையும் கெட்டிருந்தது. நுண்ணோக்கியில் கண் வைக்க முடியாத விலங்கியலாளருக்கு வேறென்ன இருக்கிறது? ஊர் திரும்பும் வழியில் ஜெனீவாவில் தங்கியபோது மருந்தை மிகையாக உட்கொண்டு உயிரை விட முயன்றார். உடல் அதை வாந்தியாக வெளியே தள்ளிவிட்டது.

அத்துடன் அவர் ஓயவில்லை. குளிரில் நோய் வரவழைத்துக்கொள்ளும் எண்ணத்துடன் இரவில் வெளியே போனார். ரோன் ஆற்றுப் பாலத்தின் மேல் ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதைச் சுற்றிப் பூச்சிகள் மொய்த்தன. தூரத்திலிருந்து பார்த்தவர் அவற்றை ஈசல் போல ஒருநாள் வாழ்வு வாழும் பூச்சிகள் என்று நினைத்துக்கொண்டார். சில மணி நேரமே வாழும், இரை எடுக்காத பூச்சிகளுக்கு டார்வினின் இயற்கைத் தேர்வு எப்படிப் பொருந்தும், வாழ்க்கைப் போராட்டத்துக்கு அவற்றுக்கு ஏது நேரம் என்ற கேள்வி எழுந்தது. கேள்வி பிறந்ததும் சாகும் எண்ணம் பின்வாங்கியது. விஞ்ஞானி திரும்பி வந்தார்.

இதை நமக்குச் சொன்னவர் அவருடைய இரண்டாம் மனைவி ஓல்கா. கணவர் இறந்த பிறகு எழுதிய வாழ்க்கை வரலாற்றில் பதிவு செய்திருக்கிறார். திரும்பத் திரும்பச் சொல்லிக் கொஞ்சம் மெருகேறிய கதையாகவும் இருக்கலாம். ஆயினும் அதில் ஒரு சிறு விவரம் எனக்கு நம்பிக்கை தருகிறது. அவை உண்மையில் ஒருநாள் பூச்சிகளே இல்லை, வேறு இனத்தைச் சேர்ந்தவை என்பதையும் ஓல்கா சேர்த்தே சொல்லிவிடுகிறார். தவறான அடையாளத்தில் பிறந்த நல்ல கேள்வி என்பது மெச்னிகோவின் வாழ்க்கையில் அதோடு நிற்கவில்லை.

1875இல் ஓல்காவை மணந்தார். சில ஆண்டுகளில் ஓல்காவுக்கு டைபாய்டு வந்தது; பல்கலைக்கழகத்தில் அரசியல் நெருக்கடியும் சேர்ந்துகொண்டது. மறுபடியும் சாகத் துணிந்தார். இம்முறை சாவும் விஞ்ஞானத்துக்குப் பயன்படட்டும் என்று, மீள்காய்ச்சல் நோயாளியின் இரத்தத்தைத் தம் உடலில் ஏற்றிக்கொண்டார். கடுமையாக நோயுற்றுப் பிழைத்தார். எழுந்து வந்தவர் வேறு மனிதராக இருந்தார் என்கிறார்கள். பின்னாளில் தம் நூல்களில் நம்பிக்கைவாதம் பேசியவர் இளமையில் இரண்டு முறை சாவின் கதவைத் தட்டியவர் என்பதை நாம் மறக்கக்கூடாது.

1882இல் ஒடெசா பதவியை உதறிவிட்டுச் சிசிலித் தீவின் மெசினா நகரத்துக்குக் குடும்பத்துடன் போனார். ஒருநாள் வீட்டார் எல்லோரும் சர்க்கஸ் பார்க்கப் போயிருந்தார்கள். இவர் தனியாக உட்கார்ந்து நட்சத்திர மீனின் கண்ணாடி போன்ற இளம் உயிரியை நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் உடலுக்குள் அசைந்து திரியும் அணுக்கள் உணவைச் செரிப்பதற்கு மட்டும்தானா, உடலுக்குள் நுழையும் அந்நியப் பொருளையும் இப்படியே விழுங்குமா என்று யோசித்தார். தோட்டத்திலிருந்து ரோஜா முட்களைப் பறித்து வந்து அந்த உயிரியின் தோலுக்கடியில் செருகினார். மறுநாள் காலையில் முள்ளைச் சுற்றி அணுக்கள் கூட்டமாகச் சூழ்ந்து நின்றன. விழுங்கும் அணு, அதாவது பேகோசைட் என்ற கருத்து அங்கே பிறந்தது. நம் வெள்ளை அணுக்கள் கிருமிகளைத் தின்று நம்மைக் காக்கின்றன என்று இன்று பள்ளிப் பிள்ளைகளும் சொல்வது இதைத்தான். கீசனில் பார்த்த புழுவின் செரிமானம் மெசினாவில் நோய் எதிர்ப்பாற்றலாக மாறியது.

1886இல் ஒடெசாவில் ஒரு பாக்டீரியா ஆய்வு நிலையம் தொடங்கி அவரை இயக்குநராக அமர்த்தினார்கள். உள்ளூர் மருத்துவர்களின் எதிர்ப்பும், ஆடுகளுக்கான அடைப்பான் தடுப்பூசியில் நேர்ந்த விபத்தும் அவரைச் சலிக்க வைத்தன. 1888இல் பாரிஸ் போனார். பாஸ்டர் அவரை வரவேற்றுத் தம் புதிய நிறுவனத்தில் இடம் கொடுத்தார். மீதி 28 ஆண்டுகளும் அங்கேயே கழிந்தன. ஒடெசாவில் அவரிடம் படித்த வால்டெமார் ஹாஃப்கின் என்ற இளைஞர் ஜெனீவாப் பல்கலைக்கழகத்தில் சிறிது காலம் உதவியாளராக இருந்துவிட்டு அவரைப் பின்தொடர்ந்து பாரிஸுக்கு வந்தார். காலரா தடுப்பூசியைக் கண்டுபிடித்து 1893இல் இந்தியாவுக்கு வந்து ஆயிரக்கணக்கானவர்களுக்குப் போட்டவர் இந்த ஹாஃப்கின்தான். 1930இல் அவர் இறந்ததும் சுவிட்சர்லாந்தின் லொசான் நகரத்தில்.

காலராதான் மெச்னிகோவையும் குடலுக்குள் இழுத்தது. 1892இல் பிரான்சில் காலரா பரவியபோது ஒரு புதிர் அவரைத் தொந்தரவு செய்தது. ஒரே தண்ணீரைக் குடித்தவர்களில் சிலருக்கு நோய் வருகிறது, சிலருக்கு வருவதில்லை. ஏன்? வழக்கம்போலத் தம் உடலிலேயே சோதித்தார். உயிருள்ள காலரா கிருமிகளைக் குடித்தார். ஒன்றும் ஆகவில்லை. தன்னார்வலர் ஒருவருக்கும் கொடுத்தார். அவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இன்னொருவர் குடித்துச் சாவின் விளிம்புவரை போய்த் திரும்பினார். மெச்னிகோவ் அதிர்ந்துபோனார், மனிதர்களிடம் சோதிப்பதை நிறுத்தினார். ஆய்வுக்கூடத் தட்டில் காலரா கிருமியுடன் குடலில் வாழும் மற்ற பாக்டீரியாக்களை வளர்த்துப் பார்த்தபோது விடையின் நுனி கிடைத்தது. சில பாக்டீரியாக்கள் காலரா கிருமி வளர உதவின. சில அதை வளரவிடாமல் தடுத்தன. ஆக, ஒரு கிருமி நோயாகுமா ஆகாதா என்பதைக் கிருமி மட்டும் தீர்மானிப்பதில்லை. குடலில் ஏற்கெனவே குடியிருப்பவர்களும் சேர்ந்தே தீர்மானிக்கிறார்கள்.

இது பெரிய கண்டுபிடிப்பு. என் கருத்தில் அவர் குடலைப் பற்றிச் சொன்னவற்றுள் காலத்தை வென்று நிற்பது இதுதான். ஆனால் அவர் இந்த இடத்தில் நிற்கவில்லை. முதுமை நெருங்க நெருங்க, குடலில் குடியிருக்கும் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை நம்மை மெல்ல மெல்ல நஞ்சூட்டும் பகைவர்கள் என்ற முடிவுக்கு வந்தார். பெருங்குடலில் உணவு தேங்கி அழுகுகிறது, அழுகலில் பிறக்கும் நஞ்சு இரத்தத்தில் கலக்கிறது, அதனால்தான் மூப்பு வருகிறது என்றார். பறவைகளைச் சாட்சிக்கு அழைத்தார். பாலூட்டிகளைப் போல நீளமான பெருங்குடல் பறவைகளுக்கு இல்லை. அதனால்தான் உடல் சிறிதானாலும் கிளியும் அண்டங்காக்கையும் நெடுங்காலம் வாழ்கின்றன என்று வாதிட்டார். 1903இலும் 1907இலும் வெளிவந்த அவருடைய நூல்கள் இந்தக் கருத்தை உலகெங்கும் பரப்பின. லண்டனில் ஆர்பத்நாட் லேன் என்ற புகழ்பெற்ற அறுவை மருத்துவர் மலச்சிக்கல் நோயாளிகளின் பெருங்குடலையே வெட்டி எடுக்கத் தொடங்கும் அளவுக்கு இந்த நஞ்சூட்டல் கருத்து அன்றைய காற்றில் கலந்திருந்தது.

அப்படியானால் குடல் பாக்டீரியா நமக்குத் தேவையா, தேவையில்லையா? இந்தக் கேள்வியை மெச்னிகோவ் தொடங்கி வைக்கவில்லை. பாக்டீரியா இல்லாமல் விலங்கு வாழ முடியாது என்று பாஸ்டர் 1885இல் ஊகித்திருந்தார். சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகத்தில் இருந்த போலந்து வேதியியலாளர் மார்செலி நென்ஸ்கி மறுத்தார். 1891இல் நென்ஸ்கியும் அவருடன் பெர்னில் பணியாற்றிய ஸீபர், மக்ஃபேடியன் என்ற இருவரும் ஓர் அரிய வாய்ப்பைப் பயன்படுத்திக்கொண்டார்கள். அறுவை சிகிச்சைக்குப் பிறகு சிறுகுடலின் கடைசிப் பகுதி வயிற்றின் வெளியே திறந்திருந்த நோயாளி ஒருவரின் குடற்சாற்றைச் சோதித்தார்கள். அங்கே செரிமானத்தின் பெரும்பகுதியை உடலின் சொந்தச் சாறுகளே முடித்துவிட்டிருந்தன. பாக்டீரியாவின் பங்கு குறைவு.

மனிதரைப் பாக்டீரியா இல்லாமல் வளர்க்க முடியாது. கோழிக்குஞ்சை வளர்க்கலாம். முட்டை ஓட்டுக்குள் குஞ்சு கிருமியில்லாமல்தான் இருக்கிறது. ஓட்டைக் கழுவிச் சுத்தமாக்கி, மூடிய கூண்டில் பொரிக்க வைத்தால் போதும். எனவே வழக்கு கோழியின் குடலுக்கு மாற்றப்பட்டது. சுவிஸ் எல்லைக்கு அருகில் உள்ள ஜெர்மனியின் ஃபிரைபூர்க் நகரத்தில் மாக்ஸ் ஷாட்டேலியஸ் என்பவர் 1890களின் கடைசியிலிருந்து இதைச் செய்தார். கிருமியற்ற குஞ்சுகள் ஓயாமல் தின்றன, எடை ஏறவில்லை, சில வாரங்களில் செத்தன. சாகும் தறுவாயில் இருந்தவற்றுக்குக் கோழி எச்சத்தின் பாக்டீரியாவைத் தீவனத்தில் கலந்து கொடுத்தபோது தேறின. பாஸ்டர் பக்கம் ஒரு புள்ளி. 1901இல் ஓல்காவே தவளையின் தலைப்பிரட்டைகளைக் கிருமியில்லாமல் வளர்த்து, அவை சரியாக வளரவில்லை என்று எழுதினார். கணவரின் கருத்துக்கு எதிரான சாட்சி அவர் வீட்டிலிருந்தே வந்தது! மெச்னிகோவ் அசையவில்லை. 1912இல் அவருடைய நிறுவனத்தில் மிஷேல் கோஹென்டி என்பவர் கிருமியற்ற குஞ்சுகளை ஏறத்தாழ 40 நாள் வரை நன்றாகவே வளர்த்துக் காட்டினார். இப்போது புள்ளி மெச்னிகோவ் பக்கம்.

இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. அன்றைக்கு வைட்டமின் என்ற பெயரே புதிது. தீவனத்தைச் சூடாக்கிக் கிருமி நீக்கும்போது வைட்டமின்களும் அழிந்தன என்பதும், குடல் பாக்டீரியா சில வைட்டமின்களைத் தாமே உண்டாக்கித் தருகின்றன என்பதும் பிறகுதான் தெளிவாயின. 1940களின் கடைசியில் அமெரிக்காவின் நாட்டர்டேம் பல்கலைக்கழகத்தில் வைட்டமின் சேர்த்த தீவனத்துடன் கிருமியற்ற கோழிகளை முழு வளர்ச்சி வரை கொண்டுவந்தார்கள். உயிர் வாழ பாக்டீரியா கட்டாயம் இல்லைதான். ஆனால் அப்படி வளர்ந்த விலங்கின் குடற்சுவர் மெல்லியதாக இருந்தது, எதிர்ப்பாற்றல் முதிரவில்லை. கூண்டுக்கு வெளியே வந்தால் முதல் கிருமிக்கே பலியாகும்.

இதற்கிடையில் ஜெனீவா இரண்டாம் முறை அவர் வாழ்க்கையில் நுழைந்தது. பல்கேரிய மாணவர் ஸ்டாமென் கிரிகோரோவ், ஜெனீவாவில் பேராசிரியர் லியோன் மசோலின் ஆய்வுக்கூடத்தில், தம் ஊர்த் தயிரை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். பாலைத் தயிராக்கும் கோல்வடிவப் பாக்டீரியா ஒன்றை 1905இல் சுவிட்சர்லாந்தின் பிரெஞ்சு மொழி மருத்துவ இதழில் விவரித்தார். மசோல் இதை மெச்னிகோவுக்குத் தெரிவித்தார். கிரிகோரோவ் பாரிஸுக்கு அழைக்கப்பட்டார். பல்கேரியக் கிராமங்களில் நெடுநாள் வாழ்ந்தவர்கள் அதிகம் என்ற செய்தியும் மெச்னிகோவின் காதில் விழுந்திருந்தது. புளிப்பில் அழுகல் பாக்டீரியா வளராது. எனவே தயிரின் பாக்டீரியாவைக் குடலில் குடியேற்றினால் அழுகல் குறையும், மூப்பு தள்ளிப்போகும் என்று முடித்தார். அவரே நாள்தோறும் புளித்த பாலைக் குடித்தார். ஐரோப்பிய நகரங்களின் மருந்துக்கடைகளில் தயிர் மாத்திரைகள் விற்பனைக்கு வந்தன. தாம் சொல்லாததையெல்லாம் தம் பெயரில் விற்றவர்களைப் பார்த்து அவர் எரிச்சலடைந்ததும் உண்டு.

நம் ஊரில் மோரைக் குடித்துவிட்டு வயிறு குளிர்ந்தது என்று சொல்லும் பாட்டிமார்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இருக்காது. ஆனாலும் மெச்னிகோவின் கணக்கில் ஓர் ஓட்டை இருந்தது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் லியோ ரெட்கர் என்ற பாக்டீரியா ஆய்வாளர் இருந்தார். கோழிக்குஞ்சுகளைக் கூட்டமாகக் கொல்லும் ஒருவகை வெண்ணிறக் கழிச்சலின் கிருமியை 1900இல் விவரித்தவர் அவர். 1910களில் அவரும் கனெக்டிகட் வேளாண் நிலையத்தாரும் அத்தகைய குஞ்சுகளுக்குப் புளித்த பாலைக் கொடுத்துப் பார்த்தார்கள். வளர்ச்சி மேம்பட்டது, சாவு குறைந்தது. மெச்னிகோவ் வாழ்ந்த காலத்திலேயே அவர் மருந்து கோழியின் குடலுக்குள் போய்விட்டது. ஆனால் அதே ரெட்கர் 1921இல் பல்கேரியப் பாக்டீரியா குடலில் நிலைத்துக் குடியேறுவதில்லை என்றும் நிறுவினார். வருகிறது, போகிறது, அவ்வளவுதான்.

மெச்னிகோவ் அதைக் கேட்க உயிரோடு இல்லை. முதல் உலகப் போர் அவர் ஆய்வுக்கூடத்தைக் காலியாக்கியிருந்தது. இளைஞர்கள் போர்முனைக்குப் போய்விட்டார்கள். இதயம் பலவீனமானது. 1916 ஜூலையில், பாஸ்டர் நிறுவனத்துக்குள், பாஸ்டர் வாழ்ந்த அதே வீட்டில், 71 வயதில் இறந்தார். தம் உடலை அறுத்துச் சோதிக்கும்போது குடலைக் கவனமாகப் பார்க்கும்படி நண்பரான மருத்துவரிடம் முன்னதாகவே கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய சாம்பல் நிறுவனத்தின் நூலகத்தில் ஒரு கலசத்தில் வைக்கப்பட்டது. நூறைத் தாண்டி வாழ வழி சொன்னவர் 71இல் போனதைப் பலர் கேலி செய்தார்கள். அவர் குடும்பத்தில் பலரும் அதைவிட இளம் வயதிலேயே போனவர்கள் என்பது கேலி செய்தவர்களுக்குத் தெரியாது.

அவருக்குப் பின் கோழியின் குடல் அவர் காட்டிய இரண்டு வழிகளிலும் இழுபட்டது. குடல் பாக்டீரியா பகைவர் என்ற வழி முதலில் வென்றது. 1950 வாக்கில் ஆரியோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கைச் சிறிதளவு தீவனத்தில் கலந்தால் குஞ்சு வேகமாக எடை போடுகிறது என்று அமெரிக்காவில் கண்டார்கள். நோய் இருக்கிறதோ இல்லையோ, மூட்டை மூட்டையாகக் கலந்தார்கள். கிருமியற்ற கோழிகளுக்கு அதே மருந்தைக் கொடுத்தபோது எடை கூடவில்லை என்று 1960களில் தெரிந்தது. அதாவது மருந்து கோழியை வளர்க்கவில்லை. குடலில் குடியிருந்தவர்களை அடக்கியதால் கோழி வளர்ந்தது. மெச்னிகோவ் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார். ஆனால் அடக்கப்பட்டவர்கள் மருந்தை எதிர்க்கக் கற்றுக்கொண்டார்கள், கற்றதை மற்றவர்களுக்கும் கைமாற்றினார்கள். கோழிப்பண்ணையில் பிறந்த எதிர்ப்பு மருத்துவமனைக் கட்டில் வரை வந்தது.

இரண்டாவது வழி, குடியிருப்பவர்களே காவல் என்ற 1890களின் வழி, பின்லாந்திலிருந்து திரும்பியது. 1971இல் அந்நாட்டுக் கறிக்கோழிகளில் சால்மோனெல்லா பெருமளவில் பரவியது. எஸ்கோ நூர்மி என்பவர் காரணத்தைக் குஞ்சு பொரிக்கும் இயந்திரத்தில் கண்டார். நாட்டுக்கோழிக் குஞ்சு தாயின் பின்னால் குப்பையைக் கிளறும்போதே தாயின் குடல் பாக்டீரியாவைப் பெற்றுவிடுகிறது. இயந்திரத்தில் பொரித்த குஞ்சு தாயைப் பார்ப்பதே இல்லை. ஒருவகையில் அது ஷாட்டேலியஸின் கூண்டுக் குஞ்சுதான். காலியாக இருக்கும் அதன் குடலில் முதலில் நுழைகிறவர் வீட்டுக்காரர் ஆகிவிடுகிறார். வளர்ந்த கோழியின் குடற்பொருளைப் புதுக்குஞ்சுக்குக் கொடுத்தால் சால்மோனெல்லாவுக்கு இடம் கிடைப்பதில்லை என்று நூர்மியும் ரன்டாலாவும் 1973இல் காட்டினார்கள். காலராத் தட்டில் மெச்னிகோவ் பார்த்ததும் இதுவே.

சுவிட்சர்லாந்து 1999இல் வளர்ச்சிக்காகத் தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலப்பதைத் தடை செய்தது. ஸ்வீடன் 1986இலேயே செய்திருந்தது. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 2006இல் செய்தது. தடை வந்ததும் எல்லாம் சரியாகிவிடவில்லை. மருந்தை நிறுத்திய சில நாடுகளில் பெர்ஃப்ரிஞ்சென்ஸ் தலைதூக்கியது. தீவனம், கூளத்தின் ஈரம், ஐமீரியாக் கட்டுப்பாடு, நெருக்கம் எல்லாவற்றையும் சரிசெய்த பிறகே அடங்கியது. ஒரு பண்ணையில் எத்தனை கோழிகள் வரை வைக்கலாம் என்பதற்கே சட்டத்தில் உச்சவரம்பு வைத்திருக்கும் சுவிட்சர்லாந்துக்கு இது கொஞ்சம் எளிது. ஜெனீவாவில் உள்ள உலக சுகாதார நிறுவனம் 2017இல், நலமாக உள்ள கால்நடைகளுக்கு வளர்ச்சிக்காகவோ நோய்த்தடுப்புக்காகவோ ஆன்டிபயாடிக் கொடுக்கவேண்டாம் என்று பரிந்துரைத்தது. 2019இல் இந்திய அரசு, மனிதருக்குக் கடைசிக் கையிருப்பு மருந்தான கொலிஸ்டினைக் கோழி உள்ளிட்ட உணவுக்கான கால்நடைகளுக்குப் பயன்படுத்துவதைத் தடை செய்தது.

பல்லடம் பக்கம் கறிக்கோழி வளர்க்கும் விவசாயிக்கு இந்தச் சரித்திரம் தெரியவேண்டிய கட்டாயம் இல்லை. குஞ்சும் தீவனமும் கம்பெனி தருகிறது. கூலி எடைக்கும் சாவுக் கணக்குக்கும் ஏற்ப வருகிறது. மருந்தை நிறுத்து என்று அவரிடம் மட்டும் சொல்வது நியாயமாகாது. அவருடைய கொட்டகையில் ஒரு கோழியின் ஆயுள் ஏறக்குறைய 40 நாள். கோஹென்டியின் குஞ்சுகளைப் போலவே. அந்த 40 நாளில் குடலில் யார் முதலில் குடியேறுகிறார்கள் என்பதைப் பொரிப்பகமும், தீவன ஆலையும், கூளமும் சேர்ந்து முடிவு செய்கின்றன.

மெச்னிகோவை நான் மதிப்பது அவர் தயிருக்காக இல்லை. குடலைப் பகைவர் பாசறை என்று எண்ணியதில் அவர் பெரும்பாலும் தவறினார். ஆனால் நோயைத் தனியொரு கிருமியின் குற்றமாகப் பார்க்காமல், அது நுழைந்த இடத்தில் ஏற்கெனவே யார் இருந்தார்கள் என்று முதலில் கேட்டவர்களில் அவர் ஒருவர். குஞ்சு இறக்கும் நாளில் குடிநீரில் புரோபயாடிக் பொடியைக் கலக்கும் பண்ணைக்காரர் அந்தக் கேள்விக்குத்தான் ஒரு விடை தேடுகிறார். அந்தப் பொடி வேலை செய்யுமா என்பது பொடியைப் பொறுத்தது. கேள்வி சரியான கேள்வி.